இரண்டாம் கேசட்டின் இருமல்

போத்தனூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஈரச் சாக்கு என்ற ராக் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘அரவை’யின் மறுவெளியீட்டுத் தட்டு ரசிகர் மன்றத்து அறையில் முதன்முதலாகச் சுழன்றபோது, முப்பத்தைந்து வருடமாக அந்த ஆல்பத்துக்குள் குடியிருந்த சத்தங்களெல்லாம் மாடிப்படி வழியாக இறங்கித் தெருத்தெருவாகக் குடியேறின. சென்னைக் கம்பெனிக்காரர்கள் பழைய நாடாவைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசி, இசை அல்லாத அத்தனையையும் கழித்துவிட்டு, பளிங்கு போலச் சுத்தமாக்கியிருப்பதாக அட்டையிலேயே பெருமையாக அச்சடித்திருந்தார்கள். கூட்டிப் பெருக்கிய குப்பை எங்காவது விழுந்துதானே ஆகவேண்டும். பதிவான ஊரிலேயே வந்து விழுந்தது என்பதில் ஊர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

ஒரு ரயில் ஹாரன் லெவல் கிராசிங்கில் தங்கிவிட்டது. கேட் திறந்துகிடக்கும்போதே ஜனங்கள் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, வராத ரயிலுக்காக இரண்டு நிமிடம் காத்திருந்து போகப் பழகிக்கொண்டார்கள். வருகிற ரயிலுக்கு ஒருநாளும் நிற்காதவர்கள் வராத ரயிலுக்கு நின்றதைப் பார்த்துப் பெரியவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். கண்ணாடி டம்ளர் விழுந்து உடைகிற சத்தம் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி முதல் நாள் மாஸ்டரைத் திட்டினார், இரண்டாம் நாள் விளக்குமாற்றோடு வந்து சுத்தமான தரையைப் பெருக்கினார், மூன்றாம் நாளிலிருந்து மாஸ்டர் நிஜமாகவே டம்ளரை உடைத்துவிட்டு, அது ஆல்பமுங்க என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார். மேட்டுத் தெருவில் ஒரு வீட்டுக்குக் குக்கர் விசில் ஒன்று வாய்த்தது. மூன்று நாள் பருப்பு வேகவில்லை, நான்காம் நாளிலிருந்து அந்த வீட்டம்மா ஒரு விசில் கழித்து எண்ணிக்கொண்டார். கவுன்சிலர் நேரில் வந்து எல்லாச் சத்தத்தையும் பொறுமையாகக் கேட்டு, இது பக்கத்து வார்டுச் சத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருமல் மட்டும் எந்த வீட்டிலும் தங்கவில்லை. ‘அரவை’யின் மூன்றாவது பாட்டில், நாலு நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் ஒரு தரமும், ஒன்பது வினாடி கழித்து இன்னொரு தரமும் கேட்கிற இருமல் அது. வாரம் முழுக்க அது தெருவில் திரிந்தது.

இந்த இருமலின் அருமை தெரியவேண்டுமானால் ஈரச் சாக்கைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களைப் பார்த்து மன்றத்தார் பரிதாபப்படுவார்கள், பிறகு மூன்று மணி நேரம் விளக்குவார்கள். அந்தக் குழுவில் நான்கு பேர். ஒருவர் கிடாரைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகில் வாசித்தார். ஒருவர் டிரம்ஸை ஈரத் துணியால் மூடிவிட்டு அடித்தார். பாடகர் மைக் முன்னால் வந்து, இன்று பாடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு நாற்பது நிமிடம் நின்றார். நான்காமவர் வெட் கிரைண்டர் ஓட்டினார். மொத்தம் நான்கு ஆல்பம். நான்கையும் சேர்த்து வாங்கியவர்கள் ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே போயிருக்கலாம், அதனாலேயே அவர்கள் மேதைகள் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாயிற்று. இன்று உயிரோடு, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் கிரைண்டர்காரர் ஒருவர்தான். பீளமேட்டில் கிரைண்டர் கடை வைத்திருக்கிறார். ரசிகர்கள் போய்க் காலைத் தொட்டால் இரண்டு லிட்டரா மூன்று லிட்டரா என்று கேட்பார், மற்ற எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லமாட்டார்.

மன்றம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. உறுப்பினர்கள் பதினோரு பேர், கட்சிகள் இரண்டு. இரண்டாவது ஆல்பம் ‘அரவை’தான் சிகரம், அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம் என்பது செயலாளர் தெய்வசிகாமணியின் கட்சி. மூன்றாவது ஆல்பமான ‘ஒற்றைச் செருப்பு’தான் சிகரம், ‘அரவை’ வெறும் மாவு என்பது ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு கிளமென்ட்டின் கட்சி. இது போதாதென்று பச்சை லேபிள் கேசட்டா நீல லேபிள் கேசட்டா என்ற தகராறு தனியாக ஓடியது. நீல லேபிளில் பி பக்கம் நாலு வினாடி குறைவு, அந்த நாலு வினாடியில்தான் ஆன்மா இருக்கிறது என்றார்கள். பாட்டு வரிசையை மாற்றி வெளியிட்ட சி.டி. ஒன்று இருந்தது. அதை ஒருவர் தெரியாமல் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டார், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மன்றத்திலிருந்து ஒருவரும் போகவில்லை.

தெய்வசிகாமணிக்கு அறுபத்து நான்கு வயது. மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வாழ்க்கையில் சாதித்ததாகச் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த இருமல் தன்னுடையது என்பது. பதிவு நடந்த நாளில் அவர் அங்கே இருந்தார், அதை யாரும் மறுக்கவில்லை. குழுவின் கிரைண்டர் எரிந்துபோனதால், தன் மனைவி துளசிமணி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த கிரைண்டரை, ஒரு மணி நேரத்தில் தந்துவிடுகிறேன் என்று சொல்லி டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு போனவர் அவர்தான். பதிவு நடந்த இடம் ஒரு பழைய பஞ்சு குடோன். பஞ்சுத் தூசியில் அன்றைக்கு அவர் இருமினார், அதுவும் உண்மை. இத்தனையும் உண்மையாக இருக்கும்போது, எந்த அட்டையிலும் எந்த மறுவெளியீட்டிலும் இருமல் தெய்வசிகாமணி என்று ஒரு வரி போடாதது அவருக்கு ஆறாத புண். கிளமென்ட்டோ அது பாடகரின் இருமல் என்று சாதித்தார். கல்லூரி ஆசிரியை கோகிலவாணி, கேட்பவனுக்கும் இசைக்கும் நடுவிலுள்ள சுவரை உடைக்கத் திட்டமிட்டு வைக்கப்பட்ட இருமல் அது என்று பதினான்கு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி, அதைப் படிக்க ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்திருந்தார்.

தட்டிலிருந்து அது வெளியேறியதும் மன்றம் பரபரத்தது. முதலில் அது தபால் பெட்டிக்குப் பக்கத்தில் கேட்டது, பிறகு அரிசி மண்டி வாசலில், பிறகு சலூனில் பாதி சவரத்தின்போது. கேட்டவர்கள் நேரமும் இடமும் குறித்து எழுதிக் கொடுத்தார்கள். அரிசி மண்டி இருமல் சலூன் இருமலைவிட ஆழமாக இருந்தது என்று ஒரு தரப்பு சொன்னது. சலூன் இருமலைக் கேட்காதவர்கள் பேசக்கூடாது என்று மறு தரப்பு சொன்னது. பாடகரின் இருமல் பாடகரின் பழைய வீட்டுக்குத்தான் போகும் என்று கிளமென்ட் அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெய்வசிகாமணி தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, முகம் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டிக் காத்திருந்தார். சொந்த இருமல் சொந்தக்காரனிடம்தானே வந்தாகவேண்டும்.

வந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, கூடத்தில் உட்கார்ந்திருந்த அவரை ஒரு பொருட்டாக மதிக்காமல் தாண்டிப்போய்ச் சமையலறைக் கதவு நிலையருகே நின்று, குட்டையாக ஒரு தரம் இருமியது. பிறகு ஓர் இடைவெளி. பிறகு, முடிவில் லேசாக இழுத்து, இன்னொரு தரம்.

கிரைண்டர் ஓடாமல், கிடாரின் முதுகு முனகாமல், டிரம்ஸின் ஈரத்துணி அடிபடாமல் அந்த இருமலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. எழுந்து நின்ற மனிதர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அது துளசிமணி.

துளசிமணி செத்து ஆறு வருடம். அவளுக்குப் புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் கிடையாது, ஏனுங்க என்பதுகூட வீட்டுக்குள்தான். வெளியாள் யாராவது இருந்தால் நிலையருகே நின்று இருமுவாள். முதல் இருமல், கூப்பிடுகிறேன் என்று. இரண்டாவது, காதில் விழவில்லையா என்று. மூன்றாவது என்று ஒன்று அவளிடம் கிடையாது. தானே போய் அந்த வேலையைச் செய்துவிடுவாள். முப்பது வருடத்தில் கேஸ் சிலிண்டர் மாட்டியது, பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் முதல் ரிப்போர்ட்டை வாங்கி வந்தது எல்லாம் இரண்டாவது இருமலுக்குப் பிறகு நடந்தவைதான். வெளியாட்கள் என்பது பெரும்பாலும் மன்றத்தார்.

அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. பதிவு நடந்த அன்று சாயங்காலம் கிரைண்டரோடு வீடு திரும்பியபோது, “ஊறவெச்ச அரிசி புளிக்குதேன்னு மத்தியானம் குடோனுக்கு வந்தனுங்க. நீங்க பாக்கல. பக்கத்து வூட்டுல அரைச்சுட்டேன்,” என்று சொன்னாள். அவர் சரியென்று சொல்லிவிட்டு, பதிவு எவ்வளவு பிரமாதமாக நடந்தது என்று விவரிக்க ஆரம்பித்தார். சுவரை உடைக்க வந்த இருமல், மாவு அரைக்கக் கிரைண்டர் கேட்டு வந்த இருமல். நாலு சடைத்தலை ஆண்களுக்கு நடுவே புருஷனைக் கூப்பிடக் கூச்சப்பட்டு வாசலில் நின்ற ஓர் இளம்பெண்ணின் மேல் பதினான்கு பக்கக் கட்டுரை. அவர் சிரித்தார், பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அவள் குரல் எதிலும் கிடையாது. கல்யாணம் நடந்த காலத்தில் வீடியோ எடுக்கவில்லை, போனில் பேசியதை யாரும் பதிவு செய்யவில்லை. ஈரச் சாக்கின் பாடகர் தொண்டையைச் செருமியதுகூட அவரிடம் மூன்று பதிப்பில் இருந்தது. முப்பது வருடம் கூட இருந்தவளின் ஒரு வார்த்தை இல்லை. இந்த இருமல்தான் மிச்சம். அது தினமும் பன்னிரண்டேகாலுக்குச் சமையலறை நிலையில் வந்து நின்றது.

இதற்கிடையில் சென்னையில் வேறொரு காரியம் நடந்தது. சுத்தம் செய்த ‘அரவை’யைக் கேட்டவர்கள் இது ஆஸ்பத்திரி நெடி அடிக்கிறது என்று இணையத்தில் காறித் துப்பவே, கம்பெனி அவசரமாக ஒரு முழுமைப் பதிப்பை அறிவித்தது: கழித்த சத்தங்களெல்லாம் திரும்பச் சேர்க்கப்படும். ஆதித்யா என்று சின்னப் பையன் போன்ற ஒரு மேனேஜர், ஒலிபெருக்கியும் மைக்கும் எடுத்துக்கொண்டு போத்தனூருக்கு வந்தான். சத்தம் இருக்கிற இடத்தில் பாட்டைப் போட்டு, அது இருக்கவேண்டிய வினாடியைக் காலியாக விட்டால், பொழுது சாய்ந்ததும் கோழி கூட்டுக்குப் போவது போல அது தானாகவே உள்ளே போய்விடுகிறது. ஹாரன் போயிற்று, விசில் போயிற்று. டம்ளர் போன அன்று டீ மாஸ்டர் மட்டும் வருத்தப்பட்டார்.

பாக்கி இருமல்தான். அட்டையில் பேர் போடவேண்டியிருந்ததால் யாருடையது என்று மன்றமே தீர்மானித்துத் தரும்படி ஆதித்யா கேட்டுக்கொண்டான். மன்றத்தின் சரித்திரத்தில் முதல்தடவையாக இரண்டு கட்சியும் சமாதானத்துக்கு இறங்கிவந்தன. பெரிய பெட்டியில், ஐந்து தட்டோடு, கனமான புத்தகத்தோடு வரப்போகிற பதிப்பு தகராறினால் தாமதமாகிவிடக்கூடாதே. இருமல் தெய்வசிகாமணி வீட்டுக்குள் போனதை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருந்தார், அதாவது கேட்டிருந்தார். ஆகவே அது அவருடையதுதான் என்று ஒன்பது பேர் கை தூக்க, கிளமென்ட் கை தூக்காமல் ஆனால் எதிர்க்கவும் செய்யாமல் கூரையைப் பார்க்க, தீர்மானம் நிறைவேறியது. முப்பத்தைந்து வருடமாக எதற்காகத் தவம் கிடந்தாரோ அதைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். வருகிற ஞாயிறு அவர் வீட்டிலேயே பதிவு என்றார்கள்.

மூன்று நாள் தெய்வசிகாமணி சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் மைக்கோடு வந்து அவளைப் பெட்டியில் அடைத்து ஆயிரம் பிரதி போடுவார்கள், வரிசை எண்ணோடு. சொல்லாவிட்டாலும் அதே. வாங்குகிறவன் எவனோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் இருமலுக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று யோசிப்பான். ஞாயிறு காலை அவர், பாட்டு அவளை எட்டிவிடாதபடி, சமையலறைக் கதவையும் ஜன்னலையும் சாத்திப் பூட்டிவிட்டு, தானே மன்றத்துக்குப் போனார்.

“வூட்டுக்கெல்லாம் வரவேண்டாமுங்க. அது என்ற சொந்தத் தொண்டைக்கே வந்து சேந்துருச்சு,” என்றார். “இங்கயே புடிச்சுக்குங்க.”

யாரும் ஆச்சரியப்படவில்லை, வேறு எங்கே போகும் என்றுதான் கேட்டார்கள். ஆதித்யா பாட்டைப் போட்டான். நாலு நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் தெய்வசிகாமணி மைக்கில் வாயை வைத்து இருமினார், ஒன்பது வினாடி கழித்து மறுபடி இருமினார். சொந்த இருமல், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அறுபத்து நான்கு வயது ஆணின் இருமல். அறையே கண் கலங்கியது. அதே இருமல், ஒரு நூல் பிசகவில்லை என்றார்கள். பச்சை லேபிளில் இருந்த ஈரம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். சுவர் மறுபடி உடைந்தது என்று கோகிலவாணி குறித்துக்கொண்டார், பதினைந்தாவது பக்கத்துக்கு. கிளமென்ட் மட்டும் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். “இது அது இல்லப்பா. நான் இத்தனை வருசமா எதிர்த்துப் பேசுனது இந்த இருமலைக் கிடையாது,” என்றார். உலகத்தில் அந்த இருமலை உண்மையாகக் கேட்டிருந்த ஒரே மனிதன் தன் எதிரிதான் என்று தெய்வசிகாமணிக்கு அப்போது தெரிந்தது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பொறாமை என்று மன்றம் கிளமென்ட்டை உட்காரவைத்தது.

முழுமைப் பதிப்பு வந்தது. அட்டையின் உள்பக்கம் கடைசி வரியில் இருமல்: தெய்வசிகாமணி என்று இருந்தது. அவர் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். அவருக்கு இப்போது வேறு வேலை இருந்தது. தினமும் பன்னிரண்டு மணிக்கே கூடத்தில் நாற்காலியைச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டு, மடியில் நோட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார். முதல் இருமல், இடைவெளி ஒன்பது வினாடி, இரண்டாவது இருமல். செவ்வாய்க்கிழமை இருமலில் இழுப்பு கூடுதல். மழை நாளில் தொண்டை கொஞ்சம் கம்மல். வெள்ளிக்கிழமைகள் பொதுவாக நன்றாக இருந்தன, போன வெள்ளி விசேஷம். முப்பத்தைந்து வருடம் ரசிகராக இருந்தவருக்கு அன்பு செலுத்த வேறு வழி தெரியவில்லை. பட்டியல் போட்டார், தர வரிசை போட்டார். நாலு மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை கிளமென்ட் போன் செய்தார். அட்டையில் இருப்பது போலி என்பதை நிரூபிக்க நாலு காரணம் வைத்திருந்தார், முதல் காரணத்தைச் சொல்லவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். தெய்வசிகாமணி, எல்லாம் தெரிந்தும், பழக்கதோஷத்தில் எதிர்த்து வாதாடினார். நீல லேபிள் வரைக்கும் போய்விட்டார்கள். அப்போது நிலையருகே இருமல் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், பேச்சை நிறுத்தாமல், அந்தப் பக்கம் திரும்பாமல், இரு என்று இடது கையை உயர்த்திக் காட்டினார். ஒன்பது வினாடி. இரண்டாவது இருமல். பிறகு ஒன்றுமில்லை.

கை அந்தரத்திலேயே நின்றது. அதைப் பார்த்தார். அன்றைக்குக் குடோனிலும் இந்தக் கைதான் உயர்ந்திருக்கும், அதற்குப் பிறகு முப்பது வருடம் இதே கைதான். நாலு மாதமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததும் இதே கைதான். அவள் பாடவில்லையே, கூப்பிடுகிறாளே. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறவளுக்கு நட்சத்திரம் போடுகிற மனுஷனை என்னவென்று சொல்வது. கிளமென்ட்டிடம், நீங்க சொல்றதுதான் சரி என்று சொல்லிப் போனை வைத்தார். மறுமுனையில் இருந்தவருக்கு மீதி மூன்று காரணத்தையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது. சொல்லாமல் இருக்கிறவரைக்கும் அது தினமும் வரும். அவர் காலம் முடியும்வரை வரும். எந்தச் சேகரிப்பாளனும் அதைத்தான் செய்வான். அன்று முழுக்க யோசித்தார், மறுநாள் காலையும் யோசித்தார்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போனை அணைத்தார். நோட்டை எடுக்கவில்லை. நாற்காலியிலும் உட்காரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்றார். பன்னிரண்டேகாலுக்கு முதல் இருமல் கேட்டது, குட்டையாக.

“வந்துட்டன் அம்மிணி. சொல்லு,” என்று சொல்லிக்கொண்டே அவர் நிலைப்பக்கம் நடந்தார்.

ஒன்பது வினாடி ஆயிற்று. பத்து ஆயிற்று. அவர் சமையலறையில் போய் நின்றார், குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதை இறுக மூடினார், பிறகு வெகுநேரம் நின்றார். இரண்டாவது தரம் இருமவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.